உப்புப் பார்ப்பதும் உற்றுப் பார்ப்பதும்

என் அன்பில் இன்னும் பேசிக்கொண்டிருக்கும் அருளப்பா,

நீ போய் ஓராண்டு ஆகிவிட்டது. உனக்காக மாதா கோயிலில் வைத்த ஆண்டுப் பூசைக்கு நானும் வந்திருந்தேன். எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்தேன், மண்டியிட வேண்டிய இடத்தில் நின்றேன். நீ பக்கத்தில் இருந்தபோது செய்த தவறுகள்தான், ஆனால் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்க ஆளில்லை. முன்வரிசையிலிருந்து உன் மனைவி லூர்து தலையைத் திருப்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அவள் பார்த்தாள் என்பதுதான் நான் உனக்குச் சொல்ல வந்த செய்தி. நடுவில் கொஞ்ச காலம் அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் இருந்தாள். அதற்குக் காரணம், நீ நம்பவே மாட்டாய், உன்னுடைய அணு விஞ்ஞானம்.

இதைப் பத்திரிகையில் போடுவதால் உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை. நீ இந்தத் தீவில், ஜார்ஜ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தாய். ஞாயிறுதோறும் நம் பத்திரிகைக்கு விஞ்ஞானப் பகுதி எழுதினாய். வெளிநாட்டு இதழ்கள் கப்பலில் வந்து இறங்கும் நாளில் உனக்குச் சோறு தண்ணீர் தேவைப்படாது. நீ யார் என்பதை உனக்கே எழுதுவது வேடிக்கையாக இருக்கிறது. இருந்தாலும் ஆள் யார் என்று சொல்லாமல் செய்தி எழுதக்கூடாது என்பது என் தொழிலின் பாடம்.

ஊர்ச் செய்தி சுருக்கமாக. டிராம் நின்றுவிட்டது. மேலே மின்சாரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடும் பஸ்தான் இனி எல்லா இடத்துக்கும் என்கிறார்கள். தண்டவாளத்தை இன்னும் முழுவதும் எடுக்கவில்லை. சக்கரம் அதில் மாட்டிக்கொள்வதால் ரிக்ஷாக்காரர்கள் திட்டுகிறார்கள். இந்த வருடம் ரம்புத்தான் நல்ல காய்ப்பு. உன் வகுப்புக்கு வந்திருக்கும் புது வாத்தியார் நன்றாகச் சொல்லித்தருகிறார் என்று பிள்ளைகள் சொன்னார்கள். நீ பொறாமைப்படுவாயோ? படமாட்டாய் என்று நினைக்கிறேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

நான் ஒரு ரப்பர் தோட்டத்து விவகாரத்தை எழுதுவதற்காக அக்கரையில் தாசேக் கெலுகோரில் தங்கியிருந்தேன். அந்தச் சமயத்தில் உன் பகுதிக்கு இடம் காலியாக இருந்ததால், நம் உதவி ஆசிரியர் ஒரு ஆங்கில இதழிலிருந்து ஒரு விஷயத்தை எடுத்துத் தமிழில் போட்டுவிட்டார். அணுவுக்குள் இருக்கும் எலெக்ட்ரானைப் பற்றியது. அதை அறிய முயன்றால் அதன் போக்கு மாறிவிடுகிறது என்பது மூலத்தில் இருந்த செய்தி. அவர் அகராதியைத் திறந்தார். அகராதி சொன்னதை எழுதினார். தலைப்பு இப்படி வந்தது: “பார்த்தால் பொருள் மாறும். ஐரோப்பிய அறிஞர்களின் முடிவு.” கடைசியில் தம் பங்குக்கு ஒரு வரியும் சேர்த்திருந்தார்: பார்ப்பவரின் மனமே அணுவை ஆள்கிறது.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த இதழிலும் ஏறக்குறைய அப்படி ஒரு வாக்கியம் இருந்தது என்று பிறகு பார்த்தேன். ஆனால் அந்த ஒரு வரியைத் தமிழர்கள் எப்படிப் படிப்பார்கள் என்று யோசித்துப் பார். நான் திரும்பி வந்த படகிலேயே எனக்கு அது விளங்கிவிட்டது. மூட்டை மேல் உட்கார்ந்திருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“வெள்ளைக்காரன் இப்பத்தான் கண்டுபுடிச்சிருக்கான் லா. எங்க வீட்டு வாசல்ல பூசணிக்கா கட்டித் தொங்கவிட்டிருக்கே, அது பின்ன எதுக்காம்?”

கண்ணேறு. திருஷ்டி. எலெக்ட்ரானைப் பற்றிய செய்தி ஒரே வாரத்தில் ஊரில் கண்ணேறுக்கு அத்தாட்சியாகிவிட்டது. நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். நானும் படகில் சிரித்தேன். மறுநாள் ஜெலுத்தோங்கில் உன் வீட்டுக்குப் போனபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது.

லூர்து கதவைத் திறந்தாள். “வாங்கண்ணே” என்றாள், என் செருப்பைப் பார்த்து.

அவளுக்கு மாறுகண். ஒரு கண் வந்தவர் முகத்தில் இருக்கும், இன்னொன்று அவர் தோளைத் தாண்டி எங்கோ இருக்கும். கல்யாணத்தன்று உன்னையும் சாமியாரையும் ஒரே நேரத்தில் பார்த்தாள் என்று நீ சொல்லிச் சிரிப்பாய், அவளும் சேர்ந்து சிரிப்பாள். அன்றைக்கு இரண்டு கண்ணும் தரையில் இருந்தன.

“கண்ணு வலியா தங்கச்சி?”

“இல்லண்ணே.”

“பின்ன ஏன் தரையவே பாக்கற? நான் ஏதும் தப்பு செஞ்சிட்டேனா?”

“நீங்க என்ன செஞ்சீங்க. உங்க பேப்பர்லதான் எல்லாம் போட்டிருக்கே.”

மெல்ல மெல்ல விஷயம் வந்தது. நீ போன பிறகு அவள் செய்யது நானாவின் சாப்பாட்டுக்கடைக்கு இடியாப்பம் அவித்துக் கொடுக்கிறாள். இது உனக்குத் தெரியாது. விடிந்ததும் கூடையோடு பின்சந்து வழியாகக் கடையின் அடுக்களைக்குப் போய் வைத்துவிட்டு வருவாள். வீடு அதில்தான் ஓடியது. நம் பத்திரிகையில் அந்தத் தலைப்பு வந்த வாரம் நானா அவளிடம் தன்மையாகவே, “கொஞ்ச நாள் போகட்டும்மா, சொல்லியனுப்பறேன்” என்று சொல்லியிருக்கிறார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. அடுக்களையிலிருந்து சமையல்காரர் சொல்லிவிட்டார்.

கடையோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை அவள்தான் தூக்கி வைத்துக்கொண்டு திரிவாள். இப்போது அவள் தெருக்குழாய்ப் பக்கம் வந்தால் அதன் தாய் பிள்ளையின் முகத்தில் துணியைப் போட்டு மூடுகிறாளாம்.

“அவங்களும் என்ன செய்வாங்க. படிச்சவங்க எழுதினதுன்னு நெனக்கிறாங்க. நான் எதுக்கு ஒருத்தரச் சங்கடப்படுத்தணும்? நானே குனிஞ்சுக்கறேன்” என்றாள்.

கோபம் வந்தது எனக்கு. யார் மேல் என்று தெரியாத கோபம் பத்திரிகைக்காரனுக்கு உதவாது. நேரே கடைக்குப் போனேன்.

மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்திருந்தது. செய்யது நானா கல்லாவில் விசிறியோடு இருந்தார். சமையல்காரரை அங்கே எல்லோரும் பண்டாரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பின்னால் மாலைக்கு வேண்டிய மீன்குழம்பை ஏற்றியிருந்தார். ஒரு மேசையில் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் கோப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனோசக்தி பற்றிய புத்தகங்களை வரவழைத்துப் படிப்பவர். நம் செய்தியைக் கடையில் உரக்கப் படித்து விளக்கம் சொன்னவரும் அவரே என்று பிறகு தெரிந்தது.

“வாங்க ரிப்போட்டரே. உங்க பேப்பராலதான் எனக்கு இந்தத் தலவலி” என்றார் நானா.

“பேப்பரா தங்கச்சிய வர வேணாம்னு சொல்லிச்சு?”

“என் இஷ்டத்துக்குச் சொல்லல, பண்டாரி சொல்லித்தான் சொன்னேன். அவன் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா நாளைக்கு நீங்களா வந்து ஆக்குவீங்க?”

பண்டாரி அடுப்பைவிட்டுத் திரும்பாமலே பேசினார். “அந்தம்மா மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நல்ல மனுசி. கண்ணுதான் சரியில்ல. அவங்க நின்னு பானையப் பாத்தா தேங்காப்பால் திரிஞ்சு போவுது. மொதல்ல நானும் வாய மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். பேப்பர்லயே போட்டப்புறம் எப்படி மூடிக்கிட்டு இருக்கறது?”

“அதாங்க சயன்ஸ்” என்றார் கிராணி. “கண்ணேறுன்னு நம்ம ஆளு சொன்னா மூடத்தனம்னு சிரிக்கிறோம். பார்க்கிற மனசு இல்லாட்டி பொருளே கெடையாதுன்னு அவன் சொல்றான், தெரியுமா உங்களுக்கு?”

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “தங்கச்சி வர்றது நின்னு போச்சே, பால் திரியறதும் நின்னு போச்சா?”

அடுக்களையில் அகப்பைச் சத்தம் நின்றது. நானா விசிறியை வைத்துவிட்டுப் பண்டாரி பக்கம் பார்த்தார்.

“எங்க நின்னுச்சு? போன வெள்ளிக்கிழமகூடத் திரிஞ்சுது” என்றார் நானா.

“அது அந்தம்மா வீட்டுல இருந்து நெனச்சிருக்கும்” என்றார் பண்டாரி.

“அதுவும் உண்டு. மனசுக்குத் தூரம் கெடையாது” என்றார் கிராணி.

“ஜெலுத்தோங்லேருந்தா? இங்கேருந்து பாசாருக்குப் போயிட்டு வர்றதுக்கே எனக்கு மூச்சு வாங்குது லா” என்றார் நானா.

எல்லோரும் சிரித்தோம். சிரித்தபடியே எனக்கு மனம் சோர்ந்தது. அவள் வந்தால் கண், வராவிட்டால் நினைப்பு. எது நடந்தாலும் பொருந்திவிடும் பேச்சு ஒன்றையுமே சொல்லாத பேச்சு என்று நீ அடிக்கடி சொல்வாய். அதை அங்கே சொல்லியிருந்தால் இன்னொரு கோப்பி வந்திருக்கும், இடியாப்பக் கூடை வந்திருக்காது.

அப்போது நானா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “டேய், பேசிக்கிட்டே நிக்காத. உப்புப் பாத்தியா?”

பண்டாரி அகப்பையை விட்டு ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கினார். “பாத்துட்டேன் நானா. சரியாத்தான் இருக்கு.”

“எந்தக் கண்ணால பாத்தீங்க?” என்று கேட்டேன்.

“என்னது?”

“உப்புப் பாத்தேன்னீங்களே. வலது கண்ணா, எடது கண்ணா?”

“இது என்ன ரிப்போட்டர் கேள்வி? நாக்காலதான் பாத்தேன்.”

அருளப்பா, எத்தனையோ காலமாகத் தமிழை எழுதிப் பிழைக்கிறேன். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு பேர் குடியிருப்பதை அப்போதுதான் கண்டேன். தொட்டுப் பார்க்கிறோம். முகர்ந்து பார்க்கிறோம். நிறுத்துப் பார்க்கிறோம். வைத்தியர் நாடி பார்க்கிறார். குருடனும் தட்டிப் பார்த்துத்தான் நடக்கிறான். இதில் எதிலும் கண்ணுக்கு வேலையில்லை. உன் எலெக்ட்ரானைப் பற்றி எழுதியவர்கள் சொன்ன பார்வை இந்தப் பார்வை. நம் உதவி ஆசிரியர் எழுதியதும், ஊர் படித்ததும் மற்றது.

நீ கடற்கரைத் திடலில் எனக்குச் சொன்னதையெல்லாம் நினைவுபடுத்திக்கொண்டு அவர்களுக்குச் சொன்னேன்.

“எலெக்ட்ரான்னு ஒண்ணு. அத ஒருத்தரும் கண்ணால பாத்தது கெடையாது, பாக்கவும் முடியாது. அது எங்க இருக்குன்னு தெரியணும்னா அதுமேல எதையாச்சும் மோத விடணும். வெளிச்சத்தையே மோத விடணும். அத்தனூண்டுப் பொருளுக்கு வெளிச்சம் பட்டாலே அடி. அதனால மாறுது. பண்டாரி உப்புப் பாத்ததுல கொழம்பு ஒரு சொட்டு கொறஞ்சுதே, அந்த மாதிரி. அகப்பைய விடாம, இங்கேருந்தே பானைய மொறச்சுக்கிட்டு இருந்தா கொறையுமா?”

“கொறையாது” என்றார் பண்டாரி, யோசித்து.

கிராணி விடவில்லை. “சரிங்க, மோதினத யாராச்சும் ஒருத்தர் பாத்து அறியணும்ல? ஆளில்லாம அளவு ஏது?”

சுவரில் நானாவின் படம் மாட்டியிருந்தது. தொப்பியும் கோட்டுமாக, மாப்பிள்ளை மாதிரி இருப்பார்.

“நானா, இந்தப் படம் புடிச்சாங்களே, கண்ணாடித் தட்டுல உங்க மொகம் எப்ப விழுந்துச்சு? மூடியத் தொறந்தப்பவா? இல்ல, அவரு உள்ள கொண்டுபோய்க் கழுவிப் பாத்தப்பவா?”

“தொறந்தப்பதான். மூடினதும் எனக்குத் தும்மல் வந்துச்சு. அது படத்துல விழல, பாருங்க.”

“அவரு கழுவ மறந்து, தட்ட இருட்டுல பூட்டி வெச்சிட்டு ஊருக்குப் போயிருந்தா?”

“மொகம் தட்டுலதான இருக்கும். எங்க போவும்?”

“எலெக்ட்ரானும் அப்படித்தான். தட்டுல வந்து விழுந்தா விழுந்ததுதான். அப்பவே அளந்தாச்சு. ஆளு வந்து பாத்தாலும் சரி, பாக்காட்டியும் சரி.”

“பெரிய பெரிய ஆளுங்களே மனசுதான் முடிவுன்னு எழுதறாங்களே” என்றார் கிராணி.

“சில பேரு எழுதறாங்க. அது அவங்களோட யோசன. கணக்குல அப்படி ஒரு வரி கெடையாதுன்னு அருளப்பன் சொல்லுவாரு.”

“அவருதான் இப்ப இல்லையே.”

“கணக்கு இருக்கே.”

கிராணி கோப்பியை எடுத்துக் குடித்தார். அவர் கட்சி மாறினார் என்று எழுத மாட்டேன். ஆறிவிட்டது என்று சொல்லி இன்னொன்று போடச் சொன்னார், அவ்வளவுதான்.

“சரி, கண்ணால ஒண்ணும் ஆவாதுன்னே வெச்சுக்குவோம்” என்றார் பண்டாரி. “அப்ப பால் ஏன் திரியுது?”

“அது எனக்குத் தெரியாது.”

“எனக்குத் தெரியும்” என்றார் நானா. “நெருப்ப எரிய விட்டுட்டு நீ பின்னால போய் பீடி குடிக்கிற.”

“நான் பீடி குடிச்சத நீங்க பாத்தீங்களா?”

“மோந்து பாத்தேன்.”

கிராணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் புறப்படும்போது நானா, “நாளைக்கே அந்தம்மாவ வரச் சொல்லுங்க” என்றார்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் உன் குரல் என்னோடு சண்டை போட்டது. அகப்பை உவமை தப்பு என்றாய். அகப்பையை விடுவதற்கு முன்பே குழம்பில் உப்பு இன்ன அளவு இருந்தது. எலெக்ட்ரான் அளப்பதற்கு முன்பே இன்ன இடத்தில் இருந்தது என்று அப்படிச் சொல்லிவிட முடியுமா? முடியாது என்கிறவர்கள் இருக்கிறார்கள், முடியும் என்கிறவர்களும் இருக்கிறார்கள், சண்டை இன்னும் தீரவில்லை என்று எனக்குச் சொன்னவனே நீதான். அடுத்த ஞாயிற்றுப் பகுதிக்கு எழுதிய திருத்தத்தில் அதையும் சேர்த்தேன். அகப்பை இதுவரைதான் வரும், இதற்குமேல் வராது என்று ஒரு பத்தி போட்டேன். ஆனால் எந்தக் கட்சியின் பேச்சிலும், ஒரு பெண்ணின் கண் ஒரு பானைப் பாலைத் திரிக்கும் என்பதற்கு இடமில்லை என்றும் எழுதினேன். இது சரிதானே? கேட்க நீ இல்லாததால் உன் புது வாத்தியாரிடம் காட்டிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்தேன்.

தலைப்புக்கு உதவி ஆசிரியரோடு உட்கார்ந்தேன். அவர் முகம் வாடித்தான் இருந்தது. “‘அளந்தால் மாறும்’னு போடலாமா?” என்று கேட்டேன்.

“போடலாம் சார். மண்ணெண்ணெய்க் கடைக்காரங்க சந்தோசப்படுவாங்க. அளந்தா கொறையும்னு அவங்களும் பேப்பரக் காட்டுவாங்க” என்றார்.

நல்ல உதவி ஆசிரியர் அவர். இனிமேல் நன்றாக வருவார். கடைசியில் “எலெக்ட்ரானுக்கும் கண்ணேறுக்கும் சம்பந்தமில்லை” என்று மொட்டையாகவே போட்டோம்.

பத்திரிகை வந்தது. நானாவும் சொல்லியனுப்பினார். லூர்து போகவில்லை.

மறுபடியும் ஜெலுத்தோங் போனேன். மாவு அரைக்கும் கல் கழுவிக் கவிழ்த்தபடியே இருந்தது. “படிச்சேன்ணே. நல்லா எழுதியிருக்கீங்க” என்றாள், தரையிடம்.

“பின்ன ஏன் போகல?”

கவிழ்ந்திருந்த கல்லைத் துடைக்கத் தொடங்கினாள். உட்கார்ந்திருந்தேன்.

“கடை கெடக்கட்டும்ணே. கடைக்காரங்க சொன்னதுக்கு நீங்க பதில் எழுதிட்டீங்க. யாரும் சொல்லாம எனக்கே ஒண்ணு தோணுது, அதுக்கு என்ன எழுதுவீங்க?” என்று ஆரம்பித்தாள். “அவரு படுத்ததுலேருந்து நான்தானே பாத்துக்கிட்டேன். வேற ஒருத்தரையும் விடல. டாக்டரு மொதல்ல சரியாயிடும்னுதான் சொன்னாரு. நான் பாத்துக்கப் பாத்துக்கத்தான் எளச்சுப் போனாரு. ராவும் பகலும் இந்தக் கண்ணுதானே அவரு மேல இருந்துச்சு?”

அருளப்பா, அவள் குனிந்திருந்தது ஊருக்காக இல்லை. ஊர் சொன்னதை அவள் தனக்குள்ளே கொண்டுபோய், உன் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டிருந்தாள்.

“அப்படியெல்லாம் இல்லம்மா” என்று சொல்வது எளிது. சொன்னால் தலையை ஆட்டியிருப்பாள், நிமிர்ந்திருக்க மாட்டாள். என்ன சொல்வதென்று தெரியாதபோது நான் செய்வது ஒன்றுதான். கேட்பேன்.

“பாத்துக்கிட்டேன்னா, என்ன செஞ்ச? ஒவ்வொண்ணாச் சொல்லு.”

“அதெல்லாம் எதுக்குண்ணே இப்ப?”

“எனக்கு நடந்தத நடந்தபடி கேட்டாத்தான் புரியும்.”

ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொன்னாள். “சுடுதண்ணியில துணி நனச்சு முதுகு தொடச்சு விட்டேன். கஞ்சிய வடிகட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்தேன். பக்கம் மாத்திப் படுக்க வெச்சேன். இருமறப்ப நெஞ்சத் தாங்கிப் புடிச்சுக்குவேன். கப்பல்ல வந்த புஸ்தகத்தத் தூக்கிக் காட்டச் சொல்லுவாரு. கை கடுக்கக் கடுக்கப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். பேச முடியாதப்ப, பக்கத்தத் திருப்புன்னு கண்ணச் சிமிட்டுவாரு.”

“இதுல உன் கண்ணு எங்க வருது?”

யோசித்தாள். “துணி நனக்கறப்ப சூடு பாத்தேன்.”

“எதால பாத்த?”

“கையால.” பிறகு, என்னை மடக்கிவிட்டவள்போல், “அவரு சிமிட்டினதப் பாத்தேனே, அது கண்ணாலதானே?” என்றாள்.

“நீ பாத்ததால அவன் சிமிட்டினானா? அவன் சிமிட்டினதால நீ பாத்தியா?”

“அவரு சிமிட்டினதாலதான்.”

“அப்ப உன் கண்ணு வாங்கினதுதான், எதையும் குடுக்கல. வெளிச்சம் வெளியேருந்து கண்ணுக்குள்ள வருது, கண்ணுலேருந்து ஒண்ணும் வெளிய போறதில்லன்னு உன் புருசன் பள்ளிக்கூடத்துல வருசா வருசம் சொல்லிக்குடுத்தது இதத்தான். கண்ணு பட்டு அவனுக்கு ஒண்ணும் ஆகல. கை பட்டு ஆனது உண்டு. நீ முதுகு தொடச்சு விட்ட பெறகு அவன் கொஞ்சம் தூங்குவான். நானே பக்கத்துல இருந்து கண்டிருக்கேன். பாத்துக்கிட்டதால மாறினதுன்னா அதுதான்.”

அவள் அழுதாள். நான் ஜன்னலுக்கு வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஐஸ்காரர் மணி அடித்துக்கொண்டு போனார்.

அழுது முடித்ததும் ஒன்று கேட்டேன், கேட்கலாமா கூடாதா என்று தெரியாமலே. “பாக்கற மனசுதான் எல்லாம்னு கிராணி சொல்றாரே, நீ நெனச்சுக்கிட்டு இருக்கற வரைக்கும் அவன் முழுசாப் போயிடலன்னு அதுல உனக்குக் கொஞ்சம் ஆறுதல் ஏதும் இருந்துச்சா தங்கச்சி? அதையும் நான் எழுதி அழிச்சிட்டேனோ?”

“அதுக்குக் கோயில் இருக்குண்ணே” என்றாள். “அத இதோட போட்டுக் கொழப்பாதீங்கன்னு அவரே சொல்லுவாரு.”

சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். ஒரு கண் என்மேல் இருந்தது. இன்னொன்று என் தோளைத் தாண்டிப் போயிருந்தது. “கோப்பி போடட்டா?” என்று கேட்டாள்.

மறுநாள் கூடை கடைக்குப் போனது. பண்டாரி நகர்ந்து இடம் விட்டாராம். பால் இப்போதும் எப்போதாவது திரிகிறது. நானா பீடியைத்தான் திட்டுகிறார். பக்கத்து வீட்டுப் பெண் மட்டும் கொஞ்ச காலம் எடுத்துக்கொண்டாள். போன மாதம் பிள்ளைக்கு முதல் பல் முளைத்தபோது, “அக்கா, வந்து பாருங்க” என்று அவளே கூப்பிட்டாளாம். லூர்து போய் விரலை விட்டுப் பார்த்திருக்கிறாள். நன்றாகக் கடித்துவிட்டதாம். கிராணி இன்னும் மனோசக்திக் கட்சியில்தான் இருக்கிறார். இடியாப்பம் இரண்டு கூடுதலாகச் சாப்பிடுகிறார்.

உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று பாக்கியிருக்கிறது. அளப்பதற்கு முன் அது எங்கே இருந்தது? நீ இருந்தபோதும் எனக்கு முழுதாகப் புரியவில்லை. இப்போது புரியாமலிருப்பது முன்போல் உறுத்தவில்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுதினால் அதனால் ஒருவருக்கும் தீங்கு வருவதில்லை என்று கண்டுகொண்டேன். தீங்கெல்லாம் தெரிந்ததுபோல் எழுதிய அந்த ஒரு வரியில்தான் இருந்தது.

இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுக்குமுன் லூர்துக்குப் படித்துக் காட்டினேன். அவளைப் பற்றியது அல்லவா. ஓரிடத்தில் “பார்வை சற்று வேறாக இருக்கும்” என்று எழுதியிருந்தேன். கையை நீட்டி நிறுத்தினாள்.

“மழுப்பாதீங்கண்ணே. மாறுகண்ணுன்னே போடுங்க. வெக்கப்பட இதுல என்ன இருக்கு?”

அப்படியே போட்டிருக்கிறேன்.

உன் ஞாயிற்றுக்கிழமைப் பகுதி இப்போது என்னிடம் வந்திருக்கிறது. உன் அறிவு எனக்கில்லை. புது வாத்தியார் திருத்தித் தருகிறார். உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். எதைக் கொண்டு பார்த்தார்கள் என்று கேட்டு எழுதாமல், “பார்த்தார்கள்” என்ற சொல்லை இனி அந்தப் பகுதியில் நான் விடமாட்டேன்.

லூர்துக்கு அண்ணன், அதனால் உனக்கு என்றும் மச்சான்,
சிங்காரவேலு